கைகளைத் தொங்கவிட்டு நின்ற அம்பயர்

எவெனோர் மைரேனா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காமல் ஒரு உண்மையைச் சொல்லியும் கேட்டதில்லை. அவர் குடும்பத்தைக் குடித்தது இந்த இரண்டாவது குணம்தான்.

ஏரிக்கரை ஊரான எங்கள் சான் ஹோர்ஹேயில் படகுத்துறைக்குப் போகும் சாலையில் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. ஒருமுறை என் சைக்கிளைக் கொண்டுபோய், பின் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை, பார் என்று விட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் எடுத்துக்கொண்டு நூறடி போயிருக்க மாட்டேன், முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வியர்த்து விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"முன்னாடியும் ஓட்டைன்னு உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும். ஆணி குத்தியிருந்துச்சு."

"சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீ பின் சக்கரத்தைத்தானே பாக்கச் சொன்ன."

முதலில் கோபம் வந்தது. பிறகு சிரித்துவிட்டேன். இந்தக் கதையைத் துறையில் எல்லாரிடமும் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

நான் மெல்பா. வாரம் ஆறு நாள் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக எவெனோர் அம்பயராக, பேட் பிடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்பார். அவருக்குப் பின்னால், கம்பிவலைக்கு இந்தப் பக்கம், மேஜை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்தைவிட அவர் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்பயர் வேலையில் ஒரு விதி இருக்கிறது. பெரியவர்களே தடுமாறும் விதி. ரன் ஓடும் பையன் வழியில் மூலைக்கு மூலை கிடக்கும் பேஸ் திண்டுகளில் ஒரு பேஸை மிதிக்காமல் போய்விட்டால், அம்பயர் அதைப் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. எதிரணிப் பிள்ளை யாராவது பந்தோடு அந்த பேஸை மிதித்து, "இவன் இதைத் தொடல" என்று கேட்க வேண்டும். கேட்டால் அவுட். கேட்காவிட்டால் தொட்டதாகவே கணக்கு. ஆட்டம் முடிந்து களத்தில் நின்ற பிள்ளைகள் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள் என்றால், அதற்குப் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் செல்லாது.

ஓடுபவன் சுற்றி வந்து கடைசியாகத் தொட வேண்டிய வெள்ளைத் தட்டு, அந்த ஹோம் பிளேட்டில் இது இன்னும் சிக்கல். ஓடிவந்தவன் பிளேட்டைத் தொடவில்லை, அங்கே பந்து பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சரும் பந்தால் அவனைத் தொடவில்லை என்றால், அம்பயர் அவுட் என்று முஷ்டியை உயர்த்தவும் கூடாது, சேஃப், அதாவது அவுட் இல்லை என்று கைகளை விரிக்கவும் கூடாது. சும்மா நிற்க வேண்டும். யாராவது ஏதாவது செய்கிற வரைக்கும் கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும்.

"பாத்ததைச் சொல்றதுல என்னய்யா பாவம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா நான் ஒரு பக்கத்துக்கு ஆடுற பத்தாவது ஆளாயிடுவேன் மெல்பா. அவங்க ஒன்பது பேர்தான் ஆடணும்."

அது சரியான பதில்தான். களத்துக்கு அது சரி. இந்த மனிதர் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார், அங்கேதான் வந்தது வினை.

அவர் மனைவி டாமரிஸ் வாய் ஓயாமல் பேசுவாள், வாய் ஓயாமல் சிரிப்பாள். எல்லையைத் தாண்டி கோஸ்தா ரிக்காவுக்கு வீட்டுவேலைக்குப் போவது என்று அவள் முடிவெடுத்தபோது பையன் லெஸ்தருக்கு எட்டு வயது. போகும் நாளில் நானும் பக்கத்து ஊர் ரீவாஸ் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். எவெனோர் அவள் பையைத் தூக்கி மேலே வைத்தார், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். டாமரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லட்டும்கா. 'இருடி'ன்னு ஒரே வார்த்தை. இறங்கிடறேன்" என்றாள். பஸ் கிளம்பும்வரை அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன்யா சொல்லல?"

"போறேன்னு சொன்னா. போகட்டுமான்னு கேக்கல."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பனும் மகனுமாக நாலு வருஷம் ஓட்டினார்கள். குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் எழுந்து அரிசியும் சிவப்பு பீன்ஸும் வதக்கி வைத்துவிட்டுத்தான் கடை திறப்பார். பையனின் சட்டையில் அழுக்கு இருக்காது. லெஸ்தர் கேட்சர் ஆனான். அது அப்பாவுக்கு மூன்றடி முன்னால் குந்தியிருக்கும் இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மகன் அணி ஆடும் ஆட்டத்தில் எவெனோர் அம்பயராக நிற்க மாட்டார். அதற்கு ரீவாஸிலிருந்து வேறு ஆள் வருவார். வீட்டிலும் ஆட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவான அம்பயர், தன் பிள்ளைக்கு மட்டும் சாப்பாட்டு மேஜையில் விதி சொல்லிக் கொடுப்பது களவு என்பது அவர் கட்சி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் கடையில் என் கண் முன்னாலேயே நடந்தது. பையனுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். "அப்பா, அம்பயர் சில நேரம் அவுட்டும் சொல்லாம சேஃபும் சொல்லாம கையைத் தொங்கப் போட்டு நிக்கிறாரே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றான்.

எவெனோர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கோச்சைக் கேளு."

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கோச்சைக் கேளு."

கோச் டொருன்யோ லாரி டிரைவர். நல்ல மனுஷன், பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுப்பான், ஆனால் விதிப்புத்தகத்தை லாரிக்கு முட்டுக்கொடுக்கத்தான் வைத்திருந்தான். பையன் போய்க் கேட்டதற்கு, "அதுவாடா? அம்பயர் நின்னுக்கிட்டே தூங்கிட்டாருன்னு அர்த்தம்!" என்றான். அணி முழுக்கச் சிரித்தது. லெஸ்தரும் சிரித்தான். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறு வருஷம் சான் ஹோர்ஹே பிள்ளைகள் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரணி ஏரி நடுவே இருக்கும் ஓமெதெபே தீவுப் பிள்ளைகள். ஜெயிப்பவர்களுக்குத் தலைநகர் மானாகுவாவில் நாடு தழுவிய போட்டி. மானாகுவாவுக்கு வந்தால் தானும் லீவு போட்டுவிட்டு வந்து பார்ப்பதாக டாமரிஸ் போனில் சொல்லியிருந்தாள். நாலு வருஷமாகப் பையன் தாயைப் பார்க்கவில்லை. "அம்மா நான் பந்து பிடிக்கிறதைப் பாத்ததே இல்ல அத்தை" என்று டிக்கெட் கூண்டுக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அந்த ஆட்டம் அம்மாவைப் பார்க்கப் போகும் வழி, வேறொன்றும் இல்லை.

அன்று காலை ரீவாஸ் அம்பயருக்கு டெங்கு என்று செய்தி வந்தது. ஆட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. தீவுக்காரர்கள் ஏற்கனவே படகில் வந்து இறங்கிவிட்டார்கள். எவெனோர் மாட்டேன் என்றார். தீவு அணியின் கோச்சே வந்து தோளில் கை போட்டான்.

"யோவ் மைரேனா, உன் ஆத்தாளே ஓடி வந்தாலும் அவுட்னா அவுட்டுன்னு சொல்ற ஆளுய்யா நீ. எங்களுக்குச் சம்மதம். எழுதித் தரோம்."

எழுதியும் கொடுத்தார்கள், இரண்டு கோச்சும். அந்தக் காகிதம் இன்னும் என் ஸ்கோர் நோட்டில்தான் இருக்கிறது. அப்பா தன் ஆட்டத்தில் நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும் லெஸ்தர் முகம் மலர்ந்ததே, அதை எந்த நோட்டில் எழுதி வைப்பது?

எங்கள் ஊர் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தீவுக்குப் போகும் கடைசிப் படகு இரண்டு முறை சங்கு ஊதும். முதல் சங்குக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. இரண்டாவது சங்குக்குப் படகு கிளம்பும். தீவுப் பிள்ளைகள் அதற்குள் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி இங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டாவது சங்கு என்றால் ஆட்டம் முடிந்தது. காதில் விழுந்ததுமே கால் தானாகக் களத்தைவிட்டு நடக்கத் தொடங்கிவிடும். வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் இல்லை.

சுண்டிப் போட்ட காசில் தீவுக்காரர்களுக்கு இரண்டாவது பேட்டிங் விழுந்தது. முதல் சங்கு ஊதும்போது கடைசி இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. நாலுக்கு நாலு. தீவுக்காரர்களுக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது, இரண்டாம் பேஸில் குட்டையாக ஒரு பையன் நிற்கிறான். லீக் சுற்றில் எங்கள் பிள்ளைகள் ஒரு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்ததால் சமன் ஆனாலே போதும், மானாகுவா எங்களுக்குத்தான். இன்னும் ஒரே ஒரு அவுட். ஏரிக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் மேஜை மேல் ஏரியிலிருந்து கிளம்பும் கொசு மாதிரியான சயூல் பூச்சிகள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன.

அடி விழுந்தது. பந்து நடுவில் தரையோடு ஓடியது. குட்டைப் பையன் மூன்றாவது பேஸைச் சுற்றிக்கொண்டு ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்தான். பின்களத்திலிருந்து எறிந்த பந்து ஒரே துள்ளலில் லெஸ்தர் கையுறைக்குள் வந்து விழுந்தது. அருமையான எறி, அருமையான பிடி. அவன் திரும்பித் தொடப் பாய்ந்தான். ஓடிவந்தவன் வயிற்றால் சறுக்கி, வளைந்து, கையுறைக்குத் தப்பித்து, பிளேட்டைத் தாண்டிப் போய் விழுந்தான். காற்று புழுதியைக் களத்துப் பக்கமாக அள்ளிக்கொண்டு போனதால், அந்தப் பக்கம் நின்ற யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கும் எவெனோருக்கும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தது. பையனின் கை பிளேட்டைத் தொடவில்லை. நாலு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது.

எவெனோரின் கைகள் அசையவில்லை. முஷ்டியும் இல்லை, விரிப்பும் இல்லை.

தீவுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து அந்தக் குட்டையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. இரண்டாவது சங்கு. பந்து எறியும் எங்கள் பிட்சர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு நடந்தான். ஒருவன் பின் ஒருவனாக எல்லாரும் தலை குனிந்து கோட்டை நோக்கி நடந்தார்கள். டொருன்யோ பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

லெஸ்தர் மட்டும் நின்றான். கையில் பந்து. பிளேட் அவன் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளையாக, மிதிக்கப்படாமல் கிடந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்து, "அவன் தொடல" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மானாகுவா. அம்மா.

முகமூடியை மேலே தள்ளிவிட்டு அப்பாவின் கைகளைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"அப்பா? சேஃபா?"

எவெனோர் பேசவில்லை. எனக்கு அவர் முதுகு தெரிந்தது. பதினெட்டு வருஷமாகப் பார்த்த முதுகு. அன்றுதான் அது நடுங்கிப் பார்த்தேன். நான் எழுந்து நின்றுவிட்டேன். கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்கோர் எழுதுகிறவளும் பேசக் கூடாது. 'மிதிடா, மிதிடா' என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் திறக்கவில்லை. அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"அப்பா?"

பையன் பந்தைத் தரையில் மெதுவாக உருட்டிவிட்டு நடந்தான். எவெனோரின் தலை அவன் கால்களோடு கூடவே திரும்பியது. அவன் கோட்டைத் தாண்டிய பிறகு, என் பக்கம் திரும்பி, "ரன் சேர்த்தி. ஐந்து நாலு" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நான் எழுதினேன்.

அன்று அவரைத் திட்டாத ஆள் இல்லை. கைகளைச் சும்மா வைத்திருந்ததை ஊரே பார்த்திருந்தது. மகனுக்காக அவுட் கொடுக்க நினைத்தார், தைரியம் வரவில்லை என்றார்கள் தீவுக்காரர்கள். வீராப்புக்காகச் சொந்தப் பிள்ளைகளைக் காவு கொடுத்தார் என்றார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பஞ்சர் கடைப் பலகையில் யாரோ தாரால் 'விலைபோனவன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர் துடைக்கவில்லை.

அவருக்காகப் பேசியது ஒரே ஒரு ஆள். லெஸ்தர். "எங்கப்பாவைச் சொல்லாதீங்க. தப்பு என்மேலதான். நான் அவனைத் தொடாம விட்டுட்டேன்" என்று படகுத்துறையில் நாலு பேரோடு சண்டைக்குப் போனான். உதடு கிழிந்து வந்தான். வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து பிடித்து, இல்லாத ஒருவனைத் திரும்பித் திரும்பித் தொட்டுக்கொண்டே இருந்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை.

நான் கடைக்குப் போனேன். "பிள்ளை தன்னையே அடிச்சுக்கிட்டுக் கிடக்கான். ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா. நீ நல்லா ஆடினடான்னாவது சொல்லு."

"கேட்டா சொல்றேன்."

"கேட்டா எதைச் சொல்லுவ? அவன் பிளேட்டைத் தொடலேங்கிறதையா?"

"கேட்டா அதையும் சொல்லணும்ல."

"வேண்டாம். அதை மட்டும் சாகிறவரைக்கும் சொல்லிடாத" என்றேன். அவர் அடுத்த ட்யூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினார்.

ஒரு மாதத்தில் டாமரிஸ் போன் செய்தாள். பையன் என்னிடம் வந்து படிக்கட்டும், பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன், என் தங்கை கூட்டிக்கொண்டு வருவாள், எல்லையில் காட்ட அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும், கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டாள். அவள் கேட்டாள், அவர் போட்டார். லெஸ்தர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "அப்பா தனியா எப்படி அத்தை இருப்பாரு?" என்றான். அவன் எதற்குக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே நிலையத்தில் அவன் அம்மா காத்திருந்ததற்குத்தான்.

போகும் நாள் காலையில் ரீவாஸ் நிலையம். அதே இடம். சித்தி ஏறி உட்கார்ந்துவிட்டாள். எவெனோர் பையைத் தூக்கி வைத்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். லெஸ்தர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான். கையில் கேட்சர் கையுறை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

எனக்கு உயிர் வந்தது. கேளுடா, போகட்டுமா இருக்கட்டுமான்னு கேளுடா என்று மனசுக்குள் கத்தினேன். எவெனோர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆவலை நான் என்றைக்கும் கண்டதில்லை.

"கேளு."

"அன்னிக்கு ஏன் கையைத் தொங்கப் போட்டு நின்ன?"

வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விதிப்படி, நிதானமாக, முழுசாகச் சொன்னார். அவன் பிளேட்டைத் தொடலப்பா. நாலு விரல் தள்ளிப் போச்சு. நீயும் அவனைத் தொடல. அப்படின்னா அம்பயர் எதுவும் காட்டக் கூடாது. நீ பந்தோட பிளேட்டை மிதிச்சுக் கேட்டிருந்தா அவுட்.

பையனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் உன்னையே பாத்துக்கிட்டு நிக்கும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்கிட்ட ஒருநாள் கேட்டேனே, கடையில. கையைத் தொங்கப் போட்டா என்ன அர்த்தம்னு."

"கேட்ட."

லெஸ்தர் அழவில்லை. கையுறையை அப்பாவின் கையில் வைத்தான். தரையில் இருந்த காலைத் தூக்கிப் படியில் வைத்து உள்ளே போனான். ஜன்னல் பக்கம் வரவே இல்லை. பஸ் எல்லைச் சாலைப் பக்கம் திரும்பி, மாங்காய் வண்டிகளுக்கு நடுவே மறைந்தது.

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

"அவன் 'இருக்கட்டுமா அப்பா'ன்னு கேட்டிருந்தா என்னய்யா சொல்லியிருப்ப?"

அவர் கையுறைக்குள் தன் கையை நுழைத்துப் பார்த்தார். பாதிக்குமேல் போகவில்லை.

"இருடான்னு சொல்லியிருப்பேன். கால்ல விழுந்தாவது சொல்லியிருப்பேன்" என்றார். "அவன் அதைக் கேக்கலயே மெல்பா."